காட்டுச்சாலையில் உன் சுமைதாங்கி

தலைச்சுமைக்கு அடியில் வைக்க எனக்குச் சும்மாடு சுற்றித் தந்த என் செல்ல அக்காவுக்கு,

எல்லை பிரித்து முடித்துவிட்டார்கள். சத்தியவேட்டுப் பக்கத்து நம் ஊர் ஆந்திராவுக்கு வந்துவிட்டது. காட்டுக்கு அந்தப் பக்கம், நீ வாழப்போன ஊர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றுவிட்டது. நடுவில் கிடக்கும் நம் காட்டுச்சாலையை இரண்டு பேருமே கைகழுவிவிட்டார்கள்.

அந்தச் சாலை வந்த கதையை நைனா சொல்வாரே, நினைவிருக்கிறதா? முதலில் மாட்டுத்தடம், பிறகு விறகுவண்டிப் பாதை. வெள்ளைக்காரன் காலத்தில் சரளை கொட்டிப் புளியமரம் வைத்தார்கள். ஊத்துக்கோட்டைச் சந்தைக்கு அதுதான் வழி. பிரசவத்துக்கு உன்னை அழைத்து வந்த வண்டியும் அதில்தான் வந்தது. பாதி வழியில், வயிற்றுப் பிள்ளையோடு நீ போய்விட்டாய்.

அப்படிப் போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது வழக்கமாயிற்றே. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி மூச்சு விட்டால்தான் உன் பாரம் குறையும். உன் புகுந்த வீட்டார் ஏரிக்கரையில் நடலாம் என்றார்கள். நைனா விடவில்லை.

"ஏரிக்கரையில எவன் சுமை தூக்கினு வர்றான்? காட்டு ரோட்டுல ஜனம் போய்க்கினே இருக்கும். எம் பொண்ணுக்கு ஓயாம எறக்கி வெப்பாங்க."

உன் உயிர் போன இடத்திலேயே, உன் தோள் உயரத்துக்குக் கல் நட்டார்.

நம் கணக்கு தப்பிப்போயிற்று, அக்கா. இப்போது கோர்ட்டு கச்சேரி சித்தூரில், சந்தை புத்தூரில். புதுச்சாலை மலையடியோடு போகிறது, பஸ்ஸும் அதில்தான். காட்டுச்சாலை வாயில் முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கல்லைப் பெயர்த்துப் புதுச்சாலையில் நடலாமா என்று பூசாரியைக் கேட்டேன். "நட்டத அசைக்கக் கூடாதும்மா, பாரம் அவ மேலயே வுழும்" என்றார்.

நைனா படுத்த படுக்கையாகிவிட்டார். "இன்னிக்கி யார்னா எறக்கி வெச்சாங்களாம்மா?" என்று தினமும் கேட்கிறார். "வெச்சாங்க நைனா" என்கிறேன். வேறென்ன சொல்ல?

நேற்று போய்ப் பார்த்தேன். கல்லைக் கொடி மூடிவிட்டது. ஆளில்லாத வழியில் இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டா நிற்கிறாய்? கோடு போட்ட மகராசன்களுக்கு நீ அங்கே இருப்பது தெரியுமா? எனக்கு மனசு ஆறவே இல்லை.

ஒவ்வொரு அமாவாசைக்கும் முள்ளை விலக்கிக்கொண்டு வருவேன், அக்கா. விற்க இடமில்லாவிட்டாலும் தலையில் ஒரு கட்டு விறகு இருக்கும். ஒருத்தி இறக்கினால் உன் பாரம் எவ்வளவு குறையுமோ, தெரியவில்லை. இறக்கிவிட ஆள் வேண்டாம். கல் உன் தோள் உயரம். இப்போது நானும் உன் உயரம்தான்.

சும்மாட்டைத் தானே சுற்றிக்கொள்ளும்,
உன் தங்கச்சி