போனுக்குக் கண்ணடித்த கதை

செவ்வாய், இரவு.

நீயே சொல்லு இசக்கியம்மா தாயே, சிரிக்காமல் எப்படி இருப்பது? நூறு நாள் வேலைக்கு இனிமேல் போனில் முகம் காட்டிக் கண் சிமிட்டினால்தான் வருகையாம். பஞ்சாயத்துக்காரர் போனை நீட்டியதும் தங்கம்மை சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேற ஆம்பளையப் பாத்து நான் கண்ணடிக்கவா? கூலி போனா போட்டு, வீட்டுக்குப் போறேன்."

மற்றவர்களும் வீட்டுக்குக் கிளம்ப மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். இவர்களை வேலை வாங்கிக் கணக்கெடுக்கும் மேட் நான்தானே! போனை வாங்கி நானே பிடித்தேன்.

"ஏட்டி, தீபாராதனையில கண்ணு மூடித் திறப்பேல்லா? அதுமாதிரி என்னைப் பாத்து அடி."

"ஒனக்குன்னா அடிக்கேன்க்கா."

இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தாள். பச்சை டிக் விழுந்தது. அப்புறம் வரிசை முழுக்க ஒரே சிரிப்பு. ஒருத்தி விடாமல் பதிந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உனக்குப் பொங்கல்.

அய்யோ அம்மா! எனக்கு நான் கண் சிமிட்டவே இல்லையே.