போர்வைக்குள் ஒரு வேட்பாளர்

செப்டம்பர் 9

இன்றும் நீச்சல்குளத்துச் சுடுநீர்த் தொட்டியில் அரசியல்தான். கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு நாட்டை ஆள்வது, எங்கள் பனித்தீவின் வடக்கு ஊரான அகுரேரியில் ஓய்வு பெற்றவர்களுக்கு இருக்கும் ஒரே வேலை. ரன்வெய்க் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவள். தொட்டியிலும் அவள்தான் தலைமை. அடுத்த ஜனாதிபதி யார் என்று ஆரம்பித்தாள். தேர்தலுக்கு இன்னும் இரண்டு கோடை இருக்கிறது என்றான் லுத்விக். பல் மருத்துவன். பிறர் வாயைத் திறக்கவைத்தே காலம் தள்ளியதால் தன் வாயை அதிகம் திறக்கமாட்டான்.

நான் பேச்சுக்குத்தான் சொன்னேன், தொலைக்காட்சியில் பார்த்தபோது ஜனாதிபதி ஓட்டார் கொஞ்சம் களைத்த மாதிரி தெரிந்தார் என்று. அவருக்கும் சளி பிடிக்கும்தானே என்றான் லுத்விக். பேச்சு ஆட்டுக்குட்டி விலைக்குப் போய்விட்டது.

வீட்டில் என் மனைவி ஸ்வாவா, தெற்கே வெயில் தீவான தெனெரிஃபில் வாடகை வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். நவம்பரில் போய்ப் பனிக்காலம் முழுக்க வெயிலில் இருக்க வேண்டுமாம். மருத்துவமனையில் இரவுப் பணியிலேயே காலம் கழித்தவள், கேட்பதில் நியாயம் உண்டு. சரி என்று தலையாட்டினேன்.

செப்டம்பர் 17

நம்பத்தகுந்த வட்டாரச் செய்தி: ஓட்டார் மறுபடி நிற்கப்போவதில்லை. களைத்துவிட்டாராம். ரன்வெய்கின் நாத்தனார் தலைநகர் ரெய்க்யவிக்கில் முடிவெட்டும் இடத்தில் கேட்டாளாம். நான் முன்பே கணித்ததை எல்லோருக்கும் நினைவூட்டினேன். முப்பது வருஷம் தொலைக்காட்சியில் வானிலை சொன்னவனுக்கு இதெல்லாம் தானாகத் தெரியும்.

தொட்டியில் பெயர்கள் குவிந்தன. ஒரு பேராயர். கைப்பந்து அணியின் பயிற்சியாளர். தீவைச் சுற்றிச் சைக்கிளில் போய்விட்டு அதைப் பற்றி மூன்று புத்தகம் எழுதிய அம்மாள். மூன்று பேரும் மறுத்துவிட்டார்களாம், அதனால் மூன்று பேருக்கும் நல்ல வாய்ப்பு என்றாள் ரன்வெய்க்.

சரிதான். இங்கே யாரும் தானாக நிற்கக் கூடாது. மக்கள் நெருக்க வேண்டும். நெருக்கியதும் ‘போர்வைக்குள் படுத்திருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன் நாடு எந்த மதத்துக்குப் போவது என்று ஒருவர் தோல் போர்வைக்குள் படுத்து யோசித்தாராம். அன்றிலிருந்து சமையலறைக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கும் இந்த நாட்டில் ஆள் போர்வைக்குள் படுக்கிறான்.

செப்டம்பர் 22

குளித்துவிட்டு வெளியே வரும்போது ரன்வெய்க் என் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

“உன் பேரு அடிபடுது, தெரியுமா?”

எங்கே என்று கேட்டேன்.

“பல இடத்துல.”

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து இலவங்கப்பட்டை ரொட்டி இரண்டு தின்றேன். ஸ்வாவாவிடம் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. உனக்கு என்ன குறைச்சல் என்று கேட்டாள். நல்ல மனுஷி.

செப்டம்பர் 23

பல இடம் என்றால் எத்தனை இடம்?

அக்டோபர் 1

பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நான்கு நாளாகக் கண்ணாடி முன் பழகிவைத்திருந்ததைத் தடங்கலில்லாமல் சொன்னேன். எனக்கு அந்த எண்ணமே இல்லை. ஆனால் மக்கள் காட்டும் அன்பை உதாசீனம் செய்ய முடியாது. இப்போதைக்குப் போர்வைக்குள் படுத்திருக்கிறேன்.

மறுமுனையில் அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, வெள்ளிக்கிழமை மலைப்பாதையில் பனி விழுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டதாகச் சொன்னாள்.

விழும் என்றேன்.

அக்டோபர் 3

வந்துவிட்டது! “எக்கெர்ட் மறுக்கவில்லை.” எட்டாம் பக்கம், இழுவை வண்டி விளம்பரத்துக்குக் கீழே. என் படம் பழசு, தலையில் முடி இருக்கிறது. தொட்டியில் இன்று எனக்குத் தண்ணீர் கொட்டும் குழாயருகே இடம் விட்டார்கள், பேராயர் ஊருக்கு வந்தபோது அவருக்குக் கொடுத்த இடம். லுத்விக் மட்டும், மறுத்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடியிருக்கும் என்றான். குத்தலா, ஆலோசனையா? அவனிடம் எதுவும் தெரியாது.

பனி விழவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அக்டோபர் 14

இன்று சண்டை. தெனெரிஃபை இந்த வருஷம் தள்ளிவைக்கலாம் என்று பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். நாடு ஒருவனைப் பற்றி யோசிக்கும்போது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கடற்கரையில் கிடந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? முகம் வெயிலில் சிவந்துவிட்டால் புகைப்படத்தில் எப்படித் தெரியும்? குரலை உயர்த்தவே இல்லை.

ஸ்வாவா மீன் மசியலைக் கிளறிக்கொண்டே கேட்டாள், “போன பனிக்காலம் நான் எப்படி இருந்தேன்னு ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. பகல் பதினோரு மணிக்கு இருட்டில் விளக்கைக்கூடப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்து அழுவாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. சூரியன் மலைக்குப் பின்னாலேயே இருந்துவிடும் மாதம் அது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். வெயில்தான் மருந்து என்றும் சொன்னார்.

“இன்னொரு தடவை என்னால முடியாது எக்கெர்ட். நீ வந்தாலும் வராட்டியும் நான் போறேன். போன மாதிரியே திரும்பி வருவேனான்னு எனக்குத் தெரியாது.”

நாட்டுக்காக ஒரு பனிக்காலம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டாள். என்ன சொல்ல வந்திருப்பாள்?

நவம்பர் 2

ஸ்வாவா போய்விட்டாள். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தேன், அவள் பையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் ஒருவன் என்னையே உற்றுப் பார்த்தான். அடையாளம் தெரிந்திருக்கும்.

நவம்பர் 20

கருத்துக்கணிப்பு! பதினொரு பெயர் போட்டு, கடைசியில் ‘மற்றவர்கள்: நான்கு சதவீதம்’. நான் மற்றவர்களில் இருக்கிறேன். அந்த நான்கில் பெரும்பங்கு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாருக்குப் போகும்? ஸ்வாவாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீந்திவிட்டு வந்ததாகவும், தக்காளிக்கு அங்கே ருசி இருப்பதாகவும் சொன்னாள். குரல் தெளிவாக இருந்தது. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கவில்லை.

டிசம்பர் 6

போர்வைக்குள் படுத்திருந்தேன். உண்மையான போர்வை. சோபாவில். தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 23

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன், வழக்கப்படி ஊரே நாற்றமெடுத்த திருக்கைமீன் தின்கிறது. நானும் தனியாக வேகவைத்துத் தின்றேன். தெரு வரை நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு திட்ட ஆளில்லாவிட்டால் இந்த மீனில் ஒன்றுமே இல்லை.

காலையில் தொட்டியில் புதிதாக ஒரு பெயர் ஓடியது, பாட்டுக்காரி, முப்பத்தாறு வயது. இன்னும் மறுக்கக்கூட இல்லை, அதற்குள் ரன்வெய்க் அவளை ஜனாதிபதி மாளிகையில் குடிவைத்துவிட்டாள். நான் லேசாக இருமினேன். எல்லோரும் திரும்பி, சளியா என்று விசாரித்தார்கள். குழாயருகே லுத்விக் உட்கார்ந்திருந்தான்.

“நீ வர நேரமாச்சு, அதான்” என்றான். நகரவில்லை.

ஜனவரி 1

நேற்று தொலைக்காட்சியில் ஆண்டு இறுதி நகைச்சுவை. வாணவேடிக்கையைக்கூட நிறுத்திவிட்டு நாடே பார்ப்பது. அதில் கிண்டலடிக்கப்பட்டால்தான் ஒருவன் பெரிய மனிதன். நான் இருந்தேன்! சோபாவில் ஒரு போர்வை, அடியில் இரண்டு கால்கள், பக்கத்தில் வானிலை வரைபடம். ஒருத்தி வந்து, யாரு இது, எதுக்குப் படுத்திருக்காருன்னு கேட்கிறாள். இன்னொருத்தி சொல்கிறாள்: “தெரியலை. இவரை யாரும் எதுவும் கேட்கலை.”

பக்கத்து வீட்டில் சிரித்த சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தது.

இன்று மதியம் ஜனாதிபதியின் புத்தாண்டு உரை. ஓட்டார் நன்றாகச் சிவந்து, குண்டாக, பளபளவென்று இருந்தார். “நான் களைத்துவிட்டதாக அகுரேரியிலிருந்து தகவல் வந்தது. நன்றாகத் தூங்கிப் பார்த்தேன், சரியாகிவிட்டது” என்றார். மக்கள் விரும்பினால் அடுத்த முறையும் நிற்பாராம். பதவியில் இருப்பவரை இங்கே யார் தோற்கடித்திருக்கிறார்கள்? ஆக, பேராயர், பயிற்சியாளர், சைக்கிள் அம்மாள், பாட்டுக்காரி, எல்லாருக்கும் ஒரே நிமிஷத்தில் கடை மூடியாயிற்று.

அகுரேரியிலிருந்து தகவல். அகுரேரியில் யார்—

நான்தான். செப்டம்பரில் தொட்டியில் பேச்சுக்குச் சொன்னது.

ஸ்வாவாவைக் கூப்பிட்டேன். நேற்று பார்த்தாயா என்று கேட்டேன். குடியிருப்பில் நம் நாட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்களாம். அவள் பாதியில் எழுந்து அறைக்குப் போய்விட்டாளாம்.

“நான்தான் எக்கெர்ட்” என்றாள்.

“என்ன நான்தான்?”

“உன் பேரை முதல்ல சொன்னது. குளத்துல, பொம்பளைங்க நீராவி அறையில. வேலையை விட்டதுலேருந்து நீ ஜன்னல்கிட்ட நின்னு கண்ணாடிக்கு வானிலை சொல்லிட்டிருந்த. எனக்குப் பார்க்கச் சகிக்கலை. எக்கெர்ட் மாதிரி ஆளு ஜனாதிபதியா நின்னா என்னன்னு சொல்லிவச்சேன். எவளாவது உன் காதுல போடுவா, நீ ஒரு நாள் சந்தோஷமா இருப்பேன்னு பார்த்தேன். ஒரு நாளைக்குத்தான்.”

“வேற யாருமே சொல்லலையா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

என்னை நெருக்கிய மக்கள் மொத்தம் ஒருத்தி. எங்கே வந்து நிற்கிறேன் பார். நாடு, நாடுன்னு நான் குதிச்சேனே, அந்த நாடே இவ ஒருத்திதான். இவளைத்தான் ஒத்தையா விமானத்துல ஏத்திவிட்டுட்டு வந்து சோபால படுத்துக்கிட்டேன். அழுகை வந்தது. மறைக்கவில்லை, அவளுக்குக் கேட்டிருக்கும்.

அங்கே வரட்டுமா என்று கேட்டேன். வா என்று சொல்வாள் என்று நினைத்தேன். கெஞ்சக்கூட வேண்டாம், ஒரு தடவை சொன்னால் போதும்.

“நான் நெருக்கமாட்டேன். உனக்கா வரணும்னு இருந்தா வா.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வாய் வரை வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். விழுங்கினேன்.

“வரணும்னு இருக்கு. நாளன்னிக்கு விமானம் இருந்தா வரேன்.”

“அரைக்கால் சட்டை எடுத்துக்கோ” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜனவரி 3

லுத்விக் காரில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், நீ நின்றிருந்தால் ஓட்டுப் போட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்ததாகவும் மாட்டேன் என்று தெரிந்ததாகவும் சொன்னான். கை குலுக்கினோம்.

ஜனவரி 11, தெனெரிஃப்

முதுகு எரிகிறது. முதல் மூன்று நாள் ஸ்வாவா என்னிடம் வீட்டு விஷயம் மட்டும்தான் பேசினாள், நான்காம் நாள் தக்காளியை நறுக்கி என் தட்டிலும் வைத்தாள். இரவுப் பணிக் காலத்திலிருந்தே இருந்த அவள் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. தூங்குகிறாள். எழுந்ததும் முதலில் திரைச்சீலையை விலக்குகிறாள்.

இன்று குளத்தில் நம் ஊர்க்காரர்கள் நான்கு பேர் தண்ணீருக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டாருக்கு இன்னொரு தவணை முடிந்த பிறகு, அதாவது ஆறு வருஷம் கழித்து, யார் வருவார்கள் என்று. ஐந்து பெயர் சொன்னார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்டேன், வாயும் திறந்துவிட்டது. அப்போது ஸ்வாவா சாய்வு நாற்காலியில் வெயில் களிம்பை எடுத்துக்கொண்டு, எட்டாத முதுகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை.

காலை எடுத்துவிட்டு அவளிடம் போனேன். களிம்பை வாங்கித் தோளிலிருந்து தேய்த்துவிட்டேன். அவங்க சொன்ன மூணாவது ஆளு தேற மாட்டான் என்று அவள் காதில் மட்டும் சொன்னேன்.

“வாயை மூடிக்கிட்டுத் தேய்” என்றாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது.