நீ வைத்த பெயர்

சேசு மரி சூசை துணை

மயிலாப்பூர்,
1932 நவம்பர் 4

என் பிரியமுள்ள தங்கை மதலேனுக்கு அக்காள் இஞ்ஞாசி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். சேலத்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மாதா என்றதும் மூக்கைச் சுருக்காதே. நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு முழுக்குச் சபைக்குப் போனாய் என்பதற்காக நான் மாதாவை என் கடிதத்திலிருந்து வெளியே அனுப்ப முடியுமா?

முந்தாநாள் சகல ஆத்துமாக்கள் திருநாள். ஆற்றோரக் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. உன் அத்தான் அச்சாபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே போய், நம் அருளப்பன் குழியைச் சுற்றிக் கடற்கரைக் கிளிஞ்சல் பதித்துவிட்டு வந்தார். குருசுக்கும் புது வெள்ளை அடித்திருக்கிறார். சாயங்காலம் ஒவ்வொரு குழியாக மந்திரித்துக்கொண்டு வந்த பங்குச் சுவாமியார் எங்களிடம் வந்ததும் நின்றார். இவனுக்கு நம்முடைய ஜெபம் வேண்டியதில்லை, நமக்குத்தான் இவனுடைய ஜெபம் வேண்டும் என்றார். நான் அழுதேன். அது துக்க அழுகை இல்லை.

செத்தவர்களுக்காக வேண்டுவது வீண், ஆத்துமாக்கள் பாவம் தீர வேகிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று கிடையாது என்று நீ இப்போது சொல்லுகிறாய். உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தை போய்விட்டால் நேரே மோட்சம், அது சிறகு முளைத்த ஒரு சம்மனசு என்று அப்பா நம் இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது உனக்கு மறந்திருக்காது.

போன மாதம் அவன் பிறந்த அந்த நாள் இன்னும் கண்முன் நிற்கிறது. எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. உன் அத்தான் சுவாமியாரைக் கூப்பிட ஓடினால், சுவாமியார் தேனாம்பேட்டையில் சாகக்கிடந்த யாரோ நோயாளிக்கு அவஸ்தை பூசப் போயிருந்தார். மருத்துவச்சி அஃப்சருன்னிசாவுக்கு என் உதிரப்போக்கை நிறுத்துவதே பெரும்பாடு. பிள்ளை நீலம் பாய்ந்து உன் கையில் கிடந்தது. தண்ணீர் ஊற்றுடி மதலேன், வார்த்தையைச் சொல்லுடி என்று கத்தினது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். கண் விழித்தபோது, ஊற்றிவிட்டேன் அக்கா என்றாய். என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டேன். அருளப்பன், அப்பா பெயர் என்றாய். சுவாமியார் கேட்டபோதும் அதையே சொன்னாய்.

அதனால்தான் அவன் அடக்கத்துக்குக் கறுப்பு இல்லாமல் வெள்ளை உடுப்பில் சுவாமியார் வந்தார். கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை, திருநாள் மணி அடித்தார்கள். மந்திரித்த பூமியில் இடம் கிடைத்தது. சபை மாறிப்போன பதிதச்சி கையால் கொடுத்தது ஞானஸ்நானம் ஆகுமா என்று மாதா சபைப் பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆபத்து வேளையில் யார் கையானாலும், தண்ணீரும் வார்த்தையும் கருத்தும் சரியாயிருந்தால் ஆகும் என்று சுவாமியார் அவர்கள் வாயை அடைத்துவிட்டார். எனக்கு எவ்வளவு பெருமையாயிருந்தது தெரியுமா?

ஒரு சங்கதி, சிரிக்காதே. நான் இப்போது அருளப்பனிடம்தான் எல்லாவற்றையும் கேட்கிறேன். உன் நெற்றியில் தண்ணீர் ஊற்றின சின்னம்மாவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாய்ப் பிள்ளையில்லை, ஆண்டவரிடம் சொல்லி ஒன்று வாங்கிக் கொடுடா என்று தினமும் கேட்கிறேன். அம்மா சொல்லைத் தட்டுவானா?

மழை பிடித்துக்கொண்டது. உனக்கு மார்ச்சளி வரும், வெந்நீரில் குளி.

உன்னை ஒருநாளும் மறவாத அக்காள்,
இஞ்ஞாசியம்மாள்

*

மயிலாப்பூர்,
1933 மார்ச் 10

மதலேனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அடுப்படியில் நின்றபடியே படித்தேன். சோறு அடிப்பிடித்துப் புகைந்து, உன் அத்தான் வந்து இறக்கினார். என்ன கடிதம் என்றார். மதலேன் முழுகாமல் இருக்கிறாள் என்று பாதியை மட்டும் சொன்னேன். பார்த்தாயா, அருளப்பன் வாங்கிக் கொடுத்துவிட்டான் என்று அந்த மனுஷன் கைதட்டிச் சிரித்தார்.

மீதிப் பாதியை நான் யாரிடம் சொல்ல?

மூன்று மாதம் என்றும், இதை அருளப்பன் வாங்கிக் கொடுத்தான் என்று நான் சொல்லப்போவதை நினைத்தால் உனக்குத் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நீ தண்ணீர் ஊற்றவே இல்லையாம். செம்பு கையில் இருந்ததாம். வாய் திறக்க வரவில்லையாம். பச்சைப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வேதத்தில் இல்லையாம், விசுவாசித்து வருகிறவனுக்குத்தான் முழுக்காம். நீ நம்பாத ஒன்றைக் கர்த்தருடைய பெயரால் எப்படிச் சொல்லுவது என்று நின்றுகொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கிவிட்டதாம். தண்ணீர் இல்லாமலே இயேசு அவனைத் தம் மடியில் வைத்துக்கொண்டார், ஆகையால் நான் கலங்க வேண்டாமாம்.

நல்லது. கடவுள் பெயரால் பொய் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துக் கிடந்த அக்காள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எப்படியடி மனம் வந்தது? சுவாமியார் கேட்டபோதும் அதையே சொன்னாயே, அது எந்த வேதத்தில் இருக்கிறது?

நீ பிரசவத்துக்குத் துணையாக வந்த அன்றே நான் உன்னிடம் கேட்டேன். மாதம் குறைந்த பிள்ளையாய்ப் பிறந்தாலும் பிறக்கும், சுவாமியார் வருமுன் ஏதாவது ஆனால் நீ ஊற்றுவாயா என்றேன். அக்காவுக்காகச் செய்யமாட்டேனா என்றாய். மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் உன் முழுக்கையும் உன் சபையையும் நாலு திட்டுத் திட்டிவிட்டு வேறு ஆளைப் பார்த்திருப்பேன். பக்கத்து வீட்டில் ஆள் இல்லையா, தெருவில் ஆள் இல்லையா?

நேற்று அஃப்சருன்னிசாவைத் தேடிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். நடந்ததைச் சொல் என்றேன். அவள் முதலில் மழுப்பினாள், பிறகு சொன்னாள். உன் தங்கச்சி செம்பை வச்சிக்கினு அழுதுக்கினே நின்னுச்சும்மா, நான் உன் வயித்த அமுக்கிக்கினு இருந்தேன், இன்னா பண்றேன்னு கேட்டேன், பேசல என்றாள். அந்தத் தண்ணீர் எதற்கு என்று நான் சொன்னதும் மார்பில் அடித்துக்கொண்டாள். இதுக்கா அழுதுச்சு, எங்கிட்ட குடுத்திருந்தா நானே ஊத்தியிருப்பேனே, இன்னா வார்த்தைன்னு நீ சொல்லிக் குடுத்திருந்தா அதையும் சொல்லியிருப்பேன், உன் புள்ளைக்குத்தானே என்றாள். மதலேன், அவள் வேளை தவறாமல் தொழுகிறவள். நோன்பு இருக்கிறவள். அவளுக்கு என் பிள்ளை பெரிதாய்த் தெரிந்தது.

ஐந்து மாதமாக நான் யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்? உன் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தபோது யாரைக் கூப்பிட்டேன்? ஞானஸ்நானமில்லாத சிசுவுக்கு நோவும் கிடையாது, ஆண்டவருடைய முகத்தைப் பார்க்கும் பாக்கியமும் கிடையாது என்றுதானே அப்பா நமக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் எத்தனை பூசை கண்டு, எத்தனை ஜெபமாலை சொல்லி, கடைசியில் மோட்சத்துக்கே போனாலும் அங்கே அவன் இருக்கமாட்டான். எட்டு மாதம் வயிற்றில் கிடந்ததுதான் எனக்கும் அவனுக்கும் கடைசி.

இன்னொன்று கேள். எங்களில் ஒருத்தி இப்படிச் செய்திருந்தால், கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியண்டை முழங்கால் போட்டுச் சுவாமியார் காதில் சொல்லி அழுதிருப்பாள். அவர் கொடுக்கிற அபராதத்தைச் செய்திருப்பாள். அவருடைய வாய் ஒருநாளும் திறக்காது. நானும் சாகிறவரை என் பிள்ளை மோட்சத்தில் இருக்கிறான் என்று கிளிஞ்சல் பதித்துக்கொண்டு இருந்திருப்பேன். உங்களுக்குத் தொட்டி கிடையாது. குற்றம் யாருக்குச் செய்தீர்களோ அவர்களிடமே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். எல்லாவற்றையும் எழுதின பிறகு மனம் லேசாகிவிட்டது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். லேசாகத்தான் இருக்கும். இறக்கினது யார் தலையில்?

உன்னை வீட்டுப் படி ஏற்றக்கூடாது என்று அப்பா சொன்னார். மூன்று நாள் பிள்ளையாய் இருந்தபோது உனக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி மறுபடியும் தண்ணீரில் முழுகினவளை மகள் என்று சொல்லமாட்டேன் என்றார். சாகுமுன் அவர் கிடையாய்க் கிடந்தபோது காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சி, உன் பெயரை அவர் வாயால் சொல்லவைத்தவள் நான். அந்த அப்பாவின் பெயரைத்தானா நீ எடுத்தாய்? வேறு எந்தப் பெயர் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

பதில் எழுத வேண்டாம்.

இஞ்ஞாசியம்மாள்

*

சேசு மரி சூசை துணை

மயிலாப்பூர்,
1933 ஜூலை 2

மதலேனுக்கு அக்காள் எழுதிக்கொண்டது.

எழுதாதே என்றேன், இரண்டு கடிதம் எழுதினாய். நான் சொன்னதை நீ எப்போது கேட்டிருக்கிறாய்? இரண்டையும் பிரித்துப் படித்தேன். மன்னித்தேன் என்று எழுதச் சொல்லிக் கேட்கிறாய். வராத வார்த்தையை எழுதினால் அதுவும் பொய்தானே. ஆகையால் எழுதவில்லை.

தபசு காலத்தில் தொட்டிக்குப் போய்ச் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழியை மாற்ற வேண்டாம், மந்திரித்த பூமியிலேயே இருக்கட்டும் என்றார். தண்ணீரைக் கொண்டு செய்யும்படி நமக்குத்தான் கட்டளை, சர்வேசுரனுடைய கையை அது கட்டிப்போடாது, அவருடைய இரக்கத்தில் விட்டுவிடு என்றார். அப்படியானால் என் பிள்ளை மோட்சத்தில் இருக்கிறானா என்று கேட்டேன். இருக்கலாம், நம்பிக்கையாயிரு என்றார். இருக்கிறான் என்று சொல்லவில்லை. உனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லாமல் தெரிகிறது, படித்த சுவாமியாருக்குத் தெரியவில்லை. உன்னைப் பார்த்துப் பொறாமையாய்க்கூட இருக்கிறது.

உன் அத்தானுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டதும் நேரே கல்லறைக்குப் போய்விட்டுத்தான் காப்பி குடிக்கிறார். போன வாரம் சம்பளம் குறைக்கப்போகிறார்கள் என்று ஆபீசில் பேச்சு வந்தது. அருளப்பனிடம் சொன்னாயா என்று என்னைக் கேட்டார். சொன்னேன் என்றேன். சட்டென்று வந்துவிட்டது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, நீ அன்றைக்கு என் கட்டிலண்டை எப்படி நின்றிருப்பாய் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, ஆறவில்லை. உன்னால் நானும் இந்த வீட்டில் பொய்க்காரி ஆனேன் என்று மறுபடியும் கோபம்தான் வந்தது.

அந்தப் பெயரை மட்டும் நான் உனக்குத் திருப்பித் தரப்போவதில்லை. யாரும் தண்ணீர் ஊற்றி வைக்காத பெயர்தான், ஆனாலும் குருசில் எழுதியிருக்கிறது. நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

உன் வீட்டுக்காரர் உன் அத்தானுக்கு எழுதின கடிதம் வந்தது. உனக்குக் காலும் முகமும் வீங்கியிருக்கிறதாம், தாயில்லாத பெண்ணுக்குத் தலைப்பிரசவம் அக்காள் வீட்டில்தானே முறை, அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். என்னைக் கேட்காமலே உன் அத்தான் உடனே அனுப்பச் சொல்லி எழுதிவிட்டார். கேட்டிருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டேன், அதனால் நீ அதிகமாய் யோசிக்காதே. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அவர் வருவார். உப்பைக் குறை. அஃப்சருன்னிசாவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பொண்ணா என்று ஒரு மாதிரி கேட்டாள், அப்புறம், வரட்டும்மா, நான் பாத்துக்கிறேன் என்றாள்.

நீ வருமுன் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிவிடு.

அப்படி நேரக்கூடாது, மாதா காப்பாற்றட்டும். நேர்ந்தால், உன் பிள்ளை என் கையிலும் நீ நினைவில்லாமலும் கிடந்தால், நான் என்ன செய்ய வேண்டும்? ஆபத்து வேளையில் தாயைக் கேட்காமலே ஊற்றலாம் என்பது எங்கள் முறை. அப்படிச் செய்துவிட்டு உன்னிடம் சொல்லாமலும் இருந்துவிடலாம், உனக்கு ஒருநாளும் தெரியாது. நான் அப்படிச் செய்யமாட்டேன். நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்யமாட்டேன். வேண்டாம் என்று எழுதினாயானால் செம்பைக் கையால் தொடமாட்டேன். என் நெஞ்சு வெடித்தாலும் நின்றுகொண்டிருப்பேன். நீ கண் விழித்துக் கேட்டால், ஊற்றவில்லை என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன்.

ஆனால் ஊற்று என்று ஒரு வார்த்தை எழுது, மதலேன். உனக்கு அதில் நம்பிக்கை வேண்டியதில்லை. உன் சபைக்கும் உன் வீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரு பிள்ளையாவது எனக்கு நிச்சயமாய் இருக்கட்டும்.

உனக்கும் உன் வயிற்றில் இருப்பதற்கும் அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும்.

உன் அக்காள்,
இஞ்ஞாசி