அவன் ஓடிய திசை

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல ஆரம்பிக்கக் கை வரவில்லை. முட்டிவலியைத் தவிர உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. மனசுதான் சரியில்லை.

உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. நான் வேலை பார்க்கும் யுத்தப் படத்தில் உன் வீட்டுக்காரனும் வருகிறான் என்று கேள்விப்பட்டு, அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்த அவன் போட்டோவை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்ததாக எழுதியிருந்தாய். "நீங்க கூட இருக்கீங்கல்ல அண்ணா, அவரை நல்லபடியா காட்டுவாங்க" என்ற வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதல் நாளே மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போகப் போவதாக வேறு சொல்கிறாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குன்றில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவன் என்பதால், எல்லாம் நிஜத்தில் நடந்தபடியே இருக்க வேண்டும் என்று என்னை வைத்தார்கள். நானும் லேசில் விடவில்லை. சட்டைக்குப் பித்தான் ஐந்தா ஆறா என்று தையல்காரரோடு அரைநாள் சண்டை. காலுறையை பூட்ஸுக்கு மேல் மடித்துவிட்டு வந்த ஒரு நடிகரிடம், "இப்படிப் போனா எதிரிக்குத் தோட்டாவே வேணாம், சிரிச்சே செத்துடுவான்" என்றேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பித்தான் தாத்தா' என்கிறார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நம் மைனாவாக, அதுதான் உன் வீட்டுக்காரனாக, நடித்தவர் ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானே ஓடிப்போய் இடது காதை விலக்கிவிட்டேன். ஒரு காது வயர்லெஸுக்கு, ஒரு காது நம் பேச்சுக்கு. ஊர்வம்பு கேட்காமல் அவனால் இருக்க முடியுமா? அந்தப் பேர் வந்ததே அந்த ஓயாத வாயால்தானே. விலக்கிவிட்டுப் பார்த்தால் அச்சு அசல் அவனே உட்கார்ந்திருக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்து எடுத்தது அவன் செத்த அன்றைய காலைக் காட்சி.

கதையை விசாரணை அறிக்கையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். உனக்கு அனுப்பினார்களே, அதே அறிக்கை. பின்வாங்கச் சொல்லி வந்த உத்தரவை வயர்லெஸ்காரர் யாரிடமும் கொடுக்கவில்லை. அதனால் குன்றுக்கு முன்னால் காவல் குழியில் இருந்த நாலு பேரும் மாட்டிக்கொண்டார்கள். வயர்லெஸ்காரரும் பயந்து ஓடும்போது செத்தார். அறிக்கை சொல்வது இவ்வளவுதான்.

கேமரா தயாரான நேரத்தில் அந்த நடிகர் எழுந்து என்னிடம் வந்தார். நல்ல பிள்ளை, எதையும் கேட்காமல் செய்ய மாட்டார். "ஐயா, நான் எந்தப் பக்கமா ஓடணும்?" என்று கேட்டார். இயக்குநரும் திரும்பி என்னைப் பார்த்தார். முன்னால் காவல் குழி. பின்னால் லாரி நிற்கும் பாதை. பூட்ஸ் கயிறு எத்தனை ஓட்டையில் ஏற வேண்டும் என்றெல்லாம் அளந்து சொன்ன நான், கையைத் தூக்கிப் பின்னால் இருந்த பாதையைக் காட்டினேன். அவரும் அப்படியே ஓடினார். முதல் தடவையிலேயே நன்றாக வந்துவிட்டது என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

அது பொய், அம்மா. முழுப் பொய்.

தினமும் காலையில் சாப்பாட்டு வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு செய்தி வரும். மைனா அதைச் சீட்டில் எழுதி என் கையில் கொடுப்பான். நான் பார்க்காமலே பையில் போட்டுக்கொள்வேன். வண்டி வரும்போது வரட்டுமே. அன்றைக்கும் ஆறு பத்துக்குச் சீட்டு கொடுத்தான். நான் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தேன். "அண்ணே, பாருங்க" என்று சொல்லிவிட்டு, வயர்லெஸ் கூப்பிடுகிறது என்று உடனே திரும்பிவிட்டான். சரிடா என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். அரைமணி கழித்து வந்து, "என்னண்ணே, இன்னும் யாரும் கிளம்பலை?" என்று கேட்ட பிறகுதான் பிரித்துப் படித்தேன். உடனே எல்லாரும் கீழே இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றி என் கையில் திணித்தான். "நீங்க மத்தவங்களை இறக்குங்க, நான் அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வரேன்" என்றான். காவல் குழியைப் பார்த்து ஓடினான். அங்கே போய்ச் சேர இருபது அடிதான் பாக்கி. விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே குன்று கைமாறிவிட்டது. அவன் எங்கே கிடந்தான் என்று போய்ப் பார்க்கக்கூட ஆளில்லை.

விசாரணையில் உத்தரவு உங்களிடம் வந்ததா என்று கேட்டார்கள். வரவில்லை என்றேன். அப்போதும் சீட்டு என் பைக்குள்தான் இருந்தது. வயர்லெஸ்காரர் ஓடினாரா என்றார்கள். ஓடினார் என்றேன். எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போகிறானா என்ற தைரியம். எனக்கும் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். உனக்கும் ஒன்று இருந்தது என்பதை அப்போது நினைக்க மறுத்தேன். அவ்வளவு கோழையாக இருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். காட்சியை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் கத்தவில்லை. மேசைமேல் இருந்த அறிக்கையை என் பக்கம் தள்ளி, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "ஐயா, இது உங்க கையெழுத்துதானே? இதை நம்பித்தானே எடுத்தேன்" என்றார். படம் முடிந்து சென்சாருக்கும் போய்விட்டதாம், இனி ஒன்றும் மாற்ற முடியாதாம். பித்தானும் ஹெட்போனும் அவ்வளவு சரியாக இருப்பதால்தான் பார்க்கிறவர்கள் அந்த ஓட்டத்தையும் நம்புவார்கள். அந்த வேலையையும் நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று ராணுவத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டேன். பத்திரிகைக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. என்னைக் கூப்பிட்டு என்ன செய்தாலும் செய்யட்டும். இத்துடன் இருப்பது அந்தச் சீட்டு. அவர்களுக்கு நகல்தான் அனுப்பினேன், அசல் உனக்கு. மேலே ஆறு பத்து என்று அவன் கையெழுத்தில் இருக்கிறது பார். ஓரத்தில் உள்ள கறை என் சோப்புத் தண்ணீர். முப்பத்தொரு வருடமாகக் கிழிக்கவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் துணிச்சல் வரவில்லை.

மகன் அப்பாவைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டான் என்று ஒருமுறை எழுதியிருந்தாய். இந்தச் சீட்டை அவனிடம் கொடு. படத்துக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். போனால், அந்த நடிகர் பின்னால் திரும்பும்போது மகன் கையைப் பிடித்துக்கொள்.

இனி என்னை அண்ணா என்று எழுத உனக்கு மனசு வராது. எழுத வேண்டாம். மன்னிப்பும் கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் அறிக்கை வந்த வாரம் நீ எனக்கு ஒரே வரியில் ஒரு கடிதம் போட்டாய், ஞாபகமிருக்கிறதா? "அவர் ஓடினாரா அண்ணா?" என்று. பழசைக் கிளறாதே என்று பதில் போட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன். ஓடினான் அம்மா. அந்த நாலு பேரைக் கூப்பிட ஓடினான்.

நீயும் பிள்ளைகளும் நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும். அந்தப் போட்டோவை மேசையிலிருந்து எடுத்து, வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி கூடத்துச் சுவரில் மாட்டிவிடு.

இப்படிக்கு,
அன்றைக்குச் சீட்டைப் படிக்காதவன்