வெந்நீரில் செத்த நொதி

உன் வீட்டிலிருந்து எடுத்துவந்த டப்பாவை இப்போதுதான் திறந்தேன். எண்ணெய் கெட்டு, குப்பென்று பெயின்ட் நாற்றம். மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் கொழுப்பு கட்டிக் கிடக்கிறது. மூடியில் உன் போட்டோ. 'இதயம் காக்கும் கொழுப்பு, இவரின் கண்டுபிடிப்பு' என்று கீழே கொட்டை எழுத்தில். நீ கண்ணை மூடி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நம் முதலாளிக்கு வெட்கம் எந்தக் காலத்தில் இருந்தது?

ஜெயங்கொண்டம் ஆலையில் நீயும் நானும் ஒரே மேசை. ஆளி விதை எண்ணெயைப் பாமாயிலோடு வெறுமனே கலக்கினால் போதாது என்பாய். நொதி, அதான் என்சைம், ஏற்றிய குட்டி மணிகளின் வழியே இதமான சூட்டில் ஓடவிட்டால்தான், விதையின் நல்ல கொழுப்பு பாமாயிலோடு இணைந்து ஒன்றாகும். அப்படி நீ எடுத்த முதல் கொழுப்பு வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாய்.

அந்த மணிகளைத்தான், பிசுபிசுவென்று இருக்கிறதென்று, அந்த மகா புத்திசாலி முதலாளி கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கழுவ வைத்தார். "நொதியெல்லாம் செத்துப்போச்சு சார்" என்றாய். "ஏம்மா, அது என்ன உசுரோடவா இருந்துச்சு?" என்று கேட்டுச் சிரித்தது அந்த ஜென்மம். புதிது வாங்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு எண்ணெயையும் அண்டாவில் ஊற்றிக் கலக்கச் சொல்லிவிட்டு, நொதி முறையில் செய்தது என்று நம் இருவரிடமும் கையெழுத்துக் கேட்டார். 'இது வெறும் கலவை' என்று எழுதி வைத்துவிட்டு நீ வேலையை விட்டாய். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவள் மாதிரி நின்றேன், கையெழுத்தும் போட்டேன்.

போன ஞாயிறு வேப்பந்தட்டைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்கு முன்னால் இந்த டப்பா, அதற்கும் பொட்டு. முதலாளியே நேரில் வந்து கொடுத்தாராம். உன் படத்தைப் போட்டுக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் வந்து வாங்கிக்கொள்வாராம். படத்தை முதலில் போட்டுவிட்டு, சம்மதத்தைப் பிறகு கேட்கிற யோக்கியர்!

உன் அம்மா முகத்தில் அத்தனை பூரிப்பு. "எம்பொண்ணு பேரு நெலைக்கட்டும். போட்டுரட்டுமா?" என்று பேனாவை எடுத்தார்.

"போடாதீங்கம்மா. இத அவ செய்யல. செய்ய மாட்டேன்னுதான் வேலைய விட்டா. பொய்க் கையெழுத்துப் போட்டது நான்."

அம்மா தாளைக் கிழித்தார். முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேலையத் தொலைச்சுட்டியேன்னு அவ சாவுற வரைக்கும் அவளத்தான் திட்டுனேன். நீ அப்ப எங்கடி இருந்த?"

டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த ஆளைத் திட்ட என்னிடம் ஊர்ப்பட்ட வார்த்தை இருக்கிறது. அம்மா கேட்டதற்குத்தான் இன்னும் ஒன்றுகூட இல்லை.