பூட்டுவதற்கு முன்னால் தட்டிய செல்வி அக்காவுக்கு

திட்டினாலும் தித்திக்கிற என் செல்வி அக்கா,

இதனால் உனக்குப் பெருந்துயரத்துடன் அறிவித்துக்கொள்வது என்னவென்றால், நம் பள்ளிக் கேன்டீன் சமோசாவிலிருந்து பச்சைப் பட்டாணி முற்றிலுமாக வாபஸ் பெறப்பட்டுவிட்டது. உள்ளே உருளைக்கிழங்கு மட்டும் தனிமையில் வாடுகிறது. பட்டாணியின் பிரிவைத் தாங்க முடியாத பதினோராம் வகுப்பு ‘பி’ பிரிவினர் இரண்டு நிமிடம் மௌனமாக மென்றோம்.

சிரித்துவிட்டாயா? நல்லது. இனிமேல் சிரிக்கிற மாதிரி அதிகம் இல்லை. நான் கோபமாக இருக்கிறேன் அக்கா. உன்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டால் நீங்கிப் போய்விடுவாயோ என்றுதான் கடைசிவரை ‘நீ’ என்றே கூப்பிட்டேன். அப்படியும் போய்விட்டாய். அந்தக் கோபம் தனிக் கணக்கு. இது வேறு.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். மந்தைவெளியில் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆயா நீ. ராயப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வருவாய், எல்லோருக்கும் பின்னால் போவாய். ஏப்ரலில் பரீட்சைக்கு மணி அடித்தாய். மே மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது உன் ஸ்டூல் மட்டும் இருந்தது. ஆண்டு மலரில் ஸ்டாம்பு அளவில் உன் படம் போட்டு, கீழே ‘அர்ப்பணிப்பு மிக்க பணியாளர்’ என்று அச்சடித்தார்கள். அவ்வளவு அர்ப்பணித்தவளின் இடத்தில் யாரைப் போட்டார்கள் தெரியுமா? பதினாறு கேமராவை.

சத்தியமாக. மாடிப்படிக்குக் கீழே இருந்த உன் அறையில் இப்போது கேமராக்களுக்கான பெட்டியும் ஒரு பெரிய திரையும் இருக்கின்றன. அந்தப் பெட்டி சூடாகக் கூடாதாம், அதனால் ஏசி. எங்கள் வகுப்பு ஃபேன் போன வருடத்திலிருந்து சும்மா தொங்குகிறது, நாங்கள் சூடாகலாம். உன் ஊக்கு, ரப்பர் பேண்டு, அந்த பிஸ்கட் டின் எல்லாம் எங்கே போயின? அந்த டின்னில் என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, “பொம்பள பசங்க சமாச்சாரம் நைனா, உன் மூக்க எடு” என்றாய். எடுத்துவிட்டேன். இப்போது திரும்ப நுழைக்க வேண்டியதாகிவிட்டது.

சாயங்காலம் கழிப்பறைப் பக்கத்து இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டுவதற்கு முன்னால் நீ என்ன செய்வாய்? உள்ளே போய், துடைப்பக் கட்டையால் ஒவ்வொரு கதவையும் தட்டுவாய். “உள்ள யார்ரா” என்று கேட்பாய். பதில் வராவிட்டாலும் கதவைத் தள்ளிப் பார்ப்பாய். அப்புறம்தான் பூட்டு. ஒரு நாள் உன்னைப் பயமுறுத்த, பையன்கள் பக்கத்தில் கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“உள்ள யார்ரா?”

“நான்தான்... மோகினி...”

“மோகினியா? ஆம்பள பாத்ரூம்ல உனுக்கு இன்னா வேலை? வந்தது வந்த, ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி வுட்டுட்டு போ.”

ஊற்ற வைத்துத்தான் விட்டாய். அந்தத் தட்டல் உன்னுடைய வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது எத்தனை பேருக்குக் காவல் என்பது போன மாதம் ஒரு வியாழக்கிழமை தெரிந்தது.

என் தங்கை விஷயம். ஏழாம் வகுப்பு. எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுது. ஆனா என் பேர போட்டே, செத்த” என்றாள். அதனால் அவள் பெயர் தங்கை.

அன்றைக்குக் கடைசிப் பீரியடில் அவளுக்கு முதல் தடவையாக வந்துவிட்டது. வகுப்பு மிஸ்ஸிடம் சொல்லக் கூச்சம். நேராக உன் அறைக்குப் போயிருக்கிறாள். நீ இல்லை என்று தெரியும், ஆனால் கால் அங்கேதான் போயிருக்கிறது. அறை பூட்டியிருந்தது. கழிப்பறைக்குள் போய்க் கடைசிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் போன பிறகு வெளியே வரலாம் என்று திட்டம். மணி அடித்தது. துப்புரவு வேலையை இப்போது ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறார்கள், வாரத்துக்கு ஓர் ஆள் மாறி வருகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பூட்டு என்று சொன்னார்கள், பூட்டினார். தட்டு என்று யாரும் சொல்லவில்லை.

நான் கேட்டில் பத்து நிமிடம் நின்றேன். என் நண்பன் ரியாஸ், “உன் தங்கச்சி அவ ஃப்ரெண்டோட போயிருப்பா மச்சி, வா” என்றான். போய் பஜ்ஜி சாப்பிட்டேன் அக்கா. அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. வீட்டில் அவள் இல்லை. தோழிகள் வீட்டிலும் இல்லை. டி.நகர் ஜவுளிக்கடையில் வேலையாக இருந்த அம்மாவுக்கு போன் போட்டுவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்ப வந்தேன்.

கேட்டில் புது செக்யூரிட்டி. “உள்ள யாரும் இல்ல தம்பி. கேமரால பாத்துட்டேன். ஃபுல்லா காலி.”

பதினாறு கட்டத்திலும் காலிதான். கழிப்பறைக்குள் கேமரா வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. அதற்குத்தான் மனிதர் வேண்டும் என்பது இத்தனை பேரில் யாருக்கும் தோன்றவில்லையா? அவர் தடுக்கத் தடுக்க உள்ளே ஓடி, இரும்புக் கதவில் நின்று அவள் பெயரைக் கத்தினேன்.

“அண்ணா, கத்தாத.”

“ஏன்டி ஒரு சத்தம் போடல?”

“போட்டேன். யாருக்கும் கேக்கல.”

“சரி, கிட்ட வா.”

“மாட்டேன். நீ மொதல்ல திரும்பி நில்லு.”

“விளையாடாதடி.”

“விளையாடல. அம்மாவ வரச் சொல்லு.”

அந்தக் குரலில்தான் எனக்கு விளங்கியது. திரும்பி நின்றபடியே பையிலிருந்து என் பி.டி. டீஷர்ட்டை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினேன், இடுப்பில் கட்டிக்கொள்ள. சாவி ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரிடம். சூப்பர்வைசர் அடையாறில் வேறு ஏதோ கட்டடத்தில். அவர் வருவதற்குள் அம்மாவே டி.நகரிலிருந்து வந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, கம்பிக்குள் கையை விட்டுத் தங்கையின் விரலைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறக்கும்போது கிட்டத்தட்ட ஏழு மணி.

மறுநாள் முதல்வர் மேடம் எங்களுக்குக் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். தங்கை உள்ளே போவது பளிச்சென்று தெரிந்தது. பூட்டுகிற கையும் பளிச்சென்று தெரிந்தது. “பாருங்க, எல்லாமே ரெக்கார்ட் ஆகியிருக்கு” என்றார். பெருமையாக அக்கா! கண்காணிப்பாம். கண் இருக்கிறது, காண்பதற்கு ஆள் இல்லை.

பிறகு ஒரு தாளை நகர்த்தினார். ‘இனி மணி அடித்த பிறகு கழிப்பறையில் இருக்க மாட்டேன்’ என்று தங்கை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“மேடம், என் பொண்ணு ஒளிஞ்சுக்கல. வயசுக்கு வந்திருக்கா. அதுக்கா மன்னிப்புக் கடிதம்?”

“அதெல்லாம் இங்க பேச வேண்டாம்மா. பையன் வேற இருக்கான்.”

“அவன்தான் மேடம் டீஷர்ட் குடுத்தான்.”

அம்மா கையெழுத்துப் போடவில்லை. தங்கை அன்றிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. எட்டு நாள், பத்து நாள் ஆயிற்று. காலையில் தலை பின்னிக்கொள்வாள், யூனிஃபார்ம் போடுவாள், செருப்பு மாட்டும் இடத்தில் நின்றுவிடுவாள். “கதவ யாருண்ணா தட்டுவாங்க?” என்பாள்.

பதில் சொல்லத் தெரியாதவன் வித்தை காட்டுவான். மதிய இடைவேளையில் ஆறாம் நம்பர் கேமராவுக்கு நேரே, தலையில் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். யாரும் வரவில்லை. மறுநாள் பக்கெட்டோடு அம்மாவின் நைட்டியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். ரியாஸ் எனக்குச் சூடம் காட்டுகிற மாதிரி ஆரத்தி சுற்றினான். யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் கையில் அட்டை: ‘நான் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது வாருங்கள்.’ செக்யூரிட்டி அண்ணன் அந்த வழியாக டீ எடுத்துக்கொண்டு போனார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். “மேடம், ஆறாம் நம்பர் கேமராவ மூணு நாளைக்குப் பின்னாடி ஓட்டிப் பாருங்க” என்றேன். ஓட்டினார். பக்கெட் வந்தது. நைட்டி வந்தது. ஆரத்தி வந்தது. அட்டை வந்தது. “எல்லாமே ரெக்கார்ட் ஆகியிருக்கு மேடம்” என்றேன். எனக்கு இரண்டு நாள் சஸ்பென்ஷன்.

ஆனால் அந்தத் தாள் மேசை டிராயருக்குள் போய்விட்டது. இனி இன்னொரு சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். துப்புரவுக்குக் கோமதி என்று ஒரே அக்கா தினமும் வருவார், தட்டிப் பார்த்துத்தான் பூட்டுவார். ஆயா வேலைக்கு ஆள் எடுப்பது மட்டும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. பரிசீலனை என்றால் தூக்கம் என்று எனக்குத் தெரியும், விடமாட்டேன். பெண் பிள்ளைகளின் அவசரத்துக்கு உன் டின் மாதிரி ஒரு டப்பா வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு, “வெச்சுக்குங்க, ஆனா நிரப்புறது ஸ்கூல் வேலை இல்ல” என்றார்கள். சாக்பீஸ் நிரப்புவது பள்ளி வேலை, இது இல்லையாம்! நான் எழுந்து நின்றேன். “நான் நிரப்புறேன் மேடம். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?” என்றேன். அறையே அசந்துபோனது. நான் வாங்கி வருகிறேன் என்று அம்மா சொன்னதற்குக்கூட, “நான் குடுத்த வாக்கு, நானே பாத்துக்கறேன்” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். தங்கையும் ஒத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வருகிறாள். “டப்பா காலியா இருந்துச்சு, அப்படியே திரும்பி வந்துடுவேன்” என்று ஒரே நிபந்தனை.

இன்றைக்கு ஞாயிறு.

இனி எழுதப்போவதை நீ மட்டும் படி. வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் மாட வீதி மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். “இன்னா தம்பி வேணும்?” என்றார் கடைக்காரர். பின்னால் நாலு பேர். இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை போனேன். கொசுவத்திச் சுருள். இன்று காலை தைரியமாக வாயைத் திறந்தேன். ட்யூஷனில் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். “ஓ.ஆர்.எஸ். பவுடர்” என்றேன். பள்ளிக்கூடத்தையே கேள்வி கேட்ட வாய் அக்கா இது. ‘இங்க பேச வேண்டாம்’ என்று மேடம் சொன்னதற்கு அவ்வளவு குதித்தேன், அதே வார்த்தை என் தொண்டையிலும் உட்கார்ந்திருக்கிறது. இந்த நிமிடம் டப்பாவில் இருப்பவை: இருமல் மிட்டாய், கொசுவத்தி, ஓ.ஆர்.எஸ். தங்கைக்குச் சளியும் பேதியும் சேர்ந்து வந்து, கொசுவும் கடித்தால் பள்ளி தயார்.

நாளைக் காலை அந்தக் கடை ஷட்டரைத் தூக்கும்போது முதல் ஆளாக நிற்பேன். பின்னால் யார் நின்றாலும், பெயரைச் சொல்லி, சத்தமாகக் கேட்பேன். முதல் மணி அடிப்பதற்குள் டப்பா நிரம்பியிருக்கும். இது சத்தியம்.

இப்படிக்கு,
கேமரா முன்னால் புலி, கடைக்காரர் முன்னால் பூனை,
உன் கூடப் பிறக்காத தம்பி