இறுக்கிப் போட்ட டிப்ரென்சல்

புங்குடுதீவு, 1974 ஐப்பசி, வியாழன் இரவு.

வாகனச் சில்லுகளின் சக்கரவர்த்தியாகிய நான் இன்றைக்கு நித்திரையில்லாமல் இதை எழுதுறன்.

மச்சானுடைய ஜீப், அவர் வீட்டு ஒழுங்கை மணலில் ஒரு பின்சில்லு மட்டும் சுழன்று புதையும். மற்றது நித்திரை. ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, தூக்கின சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பம்பரமாய்ச் சுற்றியது. பின்சில்லுகளுக்கு நடுவிலை இருக்கிற டிப்ரென்சல் பெட்டிக்குள்ளே இரண்டு சில்லையும் சேர்த்துப் பிடிக்கிற பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன என்று தீர்ப்பு வழங்கினேன். புதுசு கொழும்பிலும் இல்லை. தகட்டில் வளையம் வெட்டி, தேய்ந்த பிளேட்டுகளுக்குப் பின்னுக்கு வைத்து இறுக்கினேன். ஐராவதமும் இனி இதற்குப் பின்னாலைதான் என்று ஊருக்கே முழங்கினேன்.

மணல் ஏறியது உண்மை. பின்னேரம் தூறலுக்குள் கடற்பாலத்து வளைவில் திருப்பினேன். இறுக்கம் கூடிப்போச்சு. வளைவில் வெளிச்சில்லு கூடச் சுற்றவேணும்; இரண்டும் ஒன்றாகவே சுற்ற, பின்பக்கம் துள்ளிக் கடல்பக்கம் வழுக்கியது. ஒரு முழந்தான் மிச்சம்.

பக்கத்தில் இருந்த மச்சான் சிரித்தார். “அத்தான், உங்கடை பகிடிக்கு அளவில்லை. நாளைக்கு மகள் பிள்ளைத்தாச்சியாய் வண்டிக்குள்ளை இருக்கேக்கை இப்பிடி விளையாடாதேங்கோ.”

“சீச்சீ, உம்மடை மகளைப் பூப்போல ஆசுப்பத்திரியிலை இறக்கிவிடுறன்” என்றேன்.

அது பகிடியில்லை என்பதை மறைத்து நானும் சிரித்தேன்.

விடிஞ்சதும் மச்சானிட்டை உண்மையைச் சொல்லவேணும். வளையங்களைக் கழற்றவேணும். ஊர் சிரிக்கட்டும். மணலில் புதைந்தால் நாலு பேர் தள்ளலாம். கடலுக்குள்ளே போனால் தள்ள ஆருமில்லை.